மாதிரிப் படகுக்கு மின்கல அடுக்கு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் மாதிரிப் படகுகளுக்கான மோட்டார்களைப் பற்றி எழுதியதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பேட்டரி பேக்கை எப்படி மாற்றியமைப்பது என்பதையே கேட்டிருந்தன. ஆகவே இந்த முறை பக்கம் முழுவதையும் அந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, துறைமுகத்தில் பெரிய கப்பல்களை இழுத்துவரும் இழுவைப் படகைப் பார்த்து, 90 செ.மீ. நீளத்தில் ஒரு மாதிரி செய்திருக்கிறேன். 540 வகை மோட்டாரும், 7.2 வோல்ட், 3,000 மில்லி ஆம்பியர் மணி கொண்ட நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேக்கும் பொருத்தியுள்ளேன். முழு வேகத்தில் 8 ஆம்பியர் எடுக்கிறது. புதிதில் இருபது நிமிடத்துக்கு மேல் ஓடியது. இப்போது பன்னிரண்டு நிமிடத்தில் நின்றுவிடுகிறது. பழைய மடிக்கணினி பேட்டரியைப் பிரித்து, அதிலுள்ள லித்தியம் செல்களைக் கொண்டு 11.1 வோல்ட் பேக் செய்து போட்டால் வேகமும் நேரமும் சேர்ந்தே கூடும் என்கிறார் நண்பர். செய்யலாமா? – தூத்துக்குடி வாசகர்

பதில்: 11.1 வோல்ட் வேண்டாம். வேகத்தைக் கூட்டுவது வோல்ட். நேரத்தைக் கூட்டுவது ஆம்பியர் மணி. இரண்டையும் ஒரே மாற்றத்தில் பெற நினைப்பதால்தான் நல்ல மோட்டார்கள் கருகுகின்றன.

காரிலோ மிதிவண்டியிலோ இருப்பதைவிடப் படகில் இந்த விதி கடுமையாக வேலை செய்யும். தண்ணீரில் சுழலும் புரொப்பல்லருக்குத் தேவைப்படும் முறுக்குவிசை, அது சுழலும் வேகத்தின் வர்க்கமாகவும், தேவைப்படும் திறன் அதன் கனமாகவும் (மும்மடியாகவும்) ஏறும். மோட்டாரின் வேகம் ஏறக்குறைய வோல்ட்டைப் பின்பற்றுவதால், 7.2 வோல்ட்டை 11.1 ஆக்கினால் வேகம் ஒன்றரை மடங்குக்குச் சற்று மேலாகும். ஆனால் 8 ஆம்பியராக இருந்த மின்னோட்டம் 19 ஆம்பியருக்குப் போகும். 58 வாட்டாக இருந்த திறன் 210 வாட்டைத் தொடும். மோட்டாரின் செப்புச் சுருளில் எழும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், அது மட்டும் ஐந்தரை மடங்காகும். இது ஏட்டுக்கணக்கு, நடைமுறையில் மோட்டார் சற்றுத் திணறுவதால் எண்கள் கொஞ்சம் குறையும். குறைந்தாலும் அந்த மோட்டார் அதைத் தாங்காது. தவிரவும், இழுவைப் படகு சறுக்கிப் பாயும் வடிவம் உடையதல்ல. அதன் அடிப்பகுதி தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும் வடிவம். குறிப்பிட்ட ஒரு வேகத்துக்கு மேல் எவ்வளவு திறனைக் கொட்டினாலும் அணியத்தின் (படகின் முன்முனையின்) முன்னே அலைதான் உயரும்.

இனி நீங்கள் கொடுத்த எண்களையே பார்ப்போம். 8 ஆம்பியரில் பன்னிரண்டு நிமிடம் என்றால் 1,600 மில்லி ஆம்பியர் மணிதான் வெளியே வந்திருக்கிறது. 3,000 எழுதியுள்ள பேக், தன் கொள்ளளவில் பாதியளவைத்தான் தருகிறது. ஆக, பேக் சிறியது என்பது உங்கள் குறையல்ல. பேக்கில் ஏதோ ஒரு செல் கெட்டுவிட்டது. அதைக் கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை.

அதற்கு, வீட்டுச் சிமெண்ட் தொட்டியில் படகை மிதக்கவிட்டு, பின்புறத்தைக் கயிற்றால் கட்டிக்கொள்ளுங்கள். பேக்கின் சுருங்கும் பிளாஸ்டிக் உறையைச் செல்களுக்கு இடையே உள்ள இணைப்புத் தகடுகள் தெரியுமளவுக்கு மட்டும் நறுக்கி எடுங்கள். முழுதாகச் சார்ஜ் செய்து, முழு வேகத்தில் ஓடவிட்டு, மல்டிமீட்டரின் இரு முனைகளையும் ஒவ்வொரு செல்லாக வைத்துப் பாருங்கள். ஓய்வில் இருக்கும்போது ஆறும் 1.3 வோல்ட் காட்டி உங்களை ஏமாற்றிவிடும். சுமையில்தான் உண்மை தெரியும். ஐந்து செல்கள் 1.15 வோல்ட்டுக்கும் 1.2 வோல்ட்டுக்கும் நடுவே நிற்க, ஒன்று மட்டும் 0.9, 0.6, 0.2 என்று கண்ணெதிரே இறங்கி, பிறகு மீட்டரில் கழித்தல் குறியுடன் எதிர்ப்பக்கம் போவதைப் பார்ப்பீர்கள். பெரும்பாலும் அந்தச் செல்லின் நேர்முனைக் குமிழைச் சுற்றி வெள்ளை உப்புப் போன்ற பூச்சும் இருக்கும். உள்ளிருக்கும் காரக் கரைசல் கசிந்து காற்றில் உறைந்ததன் அடையாளம் அது. வெறுங்கையால் தொடாதீர்கள்.

லித்தியத்துக்கு மாறவே கூடாது என்று நான் சொல்லவில்லை. தொடரில் இரண்டு, பக்கவாட்டில் (இணையாக) மூன்று என ஆறு செல்களைக் கோத்து 7.4 வோல்ட் பேக் செய்யலாம். முழுச் சார்ஜில் 8.4 வோல்ட் இருக்கும்; உங்கள் மோட்டார் அதைத் தாங்கும். 18650 எனப்படும், 18 மி.மீ. விட்டமும் 65 மி.மீ. நீளமும் கொண்ட செல்கள், ஒவ்வொன்றும் 2,500 மில்லி ஆம்பியர் மணி என்று எடுத்தால் மொத்தம் 7,500. முழு வேகத்திலேயே முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஓடும். ஆறும் சேர்ந்து 280 கிராம் அளவில்தான் எடை.

ஆனால் மடிக்கணினியிலிருந்து எடுத்த செல்கள் வேண்டாம். அவை நிதானமாக மின்சாரம் கொடுப்பதற்காகச் செய்யப்பட்டவை. வருடக்கணக்கில் வெப்பத்தில் இருந்தவை. பலவும் 2 வோல்ட்டுக்குக் கீழே போய்க் கிடந்தவை. அந்த அளவுக்கு வடிந்த செல்லுக்குள் எதிர்முனைச் செப்புத் தகடு கரையத் தொடங்கும். மீண்டும் சார்ஜ் ஏற்றும்போது கரைந்த செப்பு வேறிடத்தில் படிந்து செல்லுக்குள்ளேயே குறுக்குச்சுற்றை (ஷார்ட் சர்க்யூட்டை) உண்டாக்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. புதிய செல் வாங்குங்கள். கொடுக்கக்கூடிய தொடர் மின்னோட்டம் 10 ஆம்பியருக்குக் குறையாததாக இருக்கட்டும். உறையில் 9,900 என்று அச்சிட்டிருந்தால் அதை வாங்காதீர்கள். இந்த அளவுள்ள நல்ல செல்கள் பெரும்பாலும் 3,500 வரைதான் கொள்ளும். நல்ல செல் 45 கிராம் அளவில் இருக்கும்; கையில் வெறுங்கூடுபோல் இலேசாக இருந்தால் அது போலி. பக்கவாட்டில் இணைக்கப்போகும் மூன்று செல்களின் வோல்ட்டும் 0.05க்குள் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே இணையுங்கள். இல்லையென்றால் நிறைந்த செல் குறைந்த செல்லுக்குள் கட்டுப்பாடின்றிக் கொட்டும்.

செல்லோடு சேர்ந்து மாறவேண்டியவை இன்னும் மூன்று இருக்கின்றன. முதலாவது சார்ஜர். நிக்கல் பேக்கின் சார்ஜர், பேக் நிறைந்ததும் வோல்ட் மிகச் சிறிதளவு சரிவதைக் கவனித்து நிறுத்துகிறது. லித்தியத்தில் அந்தச் சரிவு வருவதே இல்லை. சார்ஜர் காத்துக்கொண்டே இருக்கும், செல் தீப்பிடிக்கும். செல்லுக்கு 4.20 வோல்ட்டில் நிறுத்திப் பிடிக்கும் லித்தியம் சார்ஜர்தான் வேண்டும். இரண்டு வரிசைகளையும் சமன்செய்யும் கம்பியும் பேக்கிலிருந்து வெளியே வரவேண்டும். இரண்டாவது, வேகக் கட்டுப்பாட்டுக் கருவி. பழைய கருவிகள் பலவற்றில் லித்தியத்துக்கான குறைந்த வோல்ட் துண்டிப்பு கிடையாது. மோட்டார் செல்லை 3 வோல்ட்டுக்குக் கீழே உறிஞ்சிவிடும். இதற்காகப் பேக்கின்மேல் பாதுகாப்புப் பலகை வைப்பவர்கள் உண்டு. நானும் வைக்கிறேன். ஆனால் படகில் அதற்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. பலகை துண்டிக்கும் நொடியில் மோட்டாரோடு ரேடியோ வாங்கியும் (ரிசீவரும்) சுக்கானும் உயிரிழந்துவிடும். படகு குளத்தின் நடுவில் நிற்கும். எனவே வாங்கிக்கும் சுக்கானுக்கும் நான்கு சிறு நிக்கல் செல்கள் கொண்ட 4.8 வோல்ட் பேக்கைத் தனியே கொடுங்கள். அப்போது வேகக் கட்டுப்பாட்டுக் கருவியிலிருந்து வாங்கிக்குப் போகும் சிவப்புக் கம்பியைக் கழற்றி, மேலே ஒட்டி மூடிவிட வேண்டும். பிரதான பேக்குக்கு, குறைந்த வோல்ட்டில் கத்தும் சிறு ஒலிப்பான் ஒன்றையும் மாட்டினால், கரைக்குத் திரும்ப அவகாசம் கிடைக்கும்.

மூன்றாவது ஃபியூஸ். நம் குளங்களில் பாசியும் ஆகாயத்தாமரை வேரும் புரொப்பல்லரில் சுற்றிக்கொள்வது அன்றாடம் நடப்பது. சுழல முடியாமல் நின்ற 540 மோட்டார் ஐம்பது ஆம்பியருக்கு மேலேயும் இழுக்கும். வண்டிகளில் போடும் 15 ஆம்பியர் தகட்டு ஃபியூஸ் ஒன்றை, பேக்கின் நேர்முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் வையுங்கள்.

கேள்வி: ஐயா, என் படகின் ஆறு செல் நிக்கல் காட்மியம் பேக்கில் ஒரே ஒரு செல்தான் போய்விட்டது. அதை மட்டும் மாற்றினால் போதாதா? – திண்டுக்கல் வாசகர்

பதில்: போதும் என்று சொல்லத்தான் எனக்கும் ஆசை. ஐந்து நல்ல செல்களைத் தூக்கி எறிய யாருக்கும் மனம் வராது. ஆனால் தொடரில் இருக்கும் ஆறு செல்களின் வழியாகவும் ஒரே மின்னோட்டம்தான் ஓடுகிறது. கொள்ளளவு குறைந்த செல் முதலில் காலியாகிறது. மற்றவை இன்னும் தள்ளிக்கொண்டிருப்பதால் காலியான செல் எதிர்த்திசையில் சார்ஜ் ஆகி, உள்ளே வாயு உண்டாகி, காப்பு வாயில் திறந்து கரைசலை உமிழ்கிறது. உங்கள் ஆறாவது செல் போனது இப்படித்தான். இப்போது ஐந்து கிழட்டுச் செல்களுக்கு நடுவே புதிய ஒன்றை வைத்தால், ஐந்தில் எது பலவீனமோ அது அடுத்த பலியாகும்.

பழைய ஐந்தையும் தனித்தனியே 1 ஆம்பியரில் வடித்து, 0.9 வோல்ட்டுக்கு வர எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அவற்றில் நெருக்கமான எண்கள் கொண்ட நான்கு இருந்தால், அவற்றைக் கொண்டு முந்தைய பதிலில் சொன்ன 4.8 வோல்ட் வாங்கி பேக்கைச் செய்யலாம். அதற்குச் சுமை குறைவு, பழைய செல்களுக்கு அது ஏற்ற வேலை. மோட்டாருக்கு ஒரே தயாரிப்பைச் சேர்ந்த, ஒரே நாளில் வாங்கிய ஆறு புதிய செல்கள் வேண்டும். காட்மியம் நச்சு உலோகம் என்பதால், கழிக்கும் செல்லைக் குப்பைத் தொட்டியில் போட வேண்டாம்.

கேள்வி: ஐயா, எங்கள் பள்ளியின் என்.சி.சி. கடற்படைப் பிரிவு மாணவர்கள் கப்பல் மாதிரிப் போட்டிக்காக விசைப்படகு ஒன்றைச் செய்துவருகிறார்கள். பேக்கையும் தாங்களே கோக்க விரும்புகிறார்கள். செல்லின்மேல் நேரடியாகச் சால்டர் வைக்கலாமா? – சென்னையிலிருந்து ஓர் ஆசிரியர்

பதில்: மாணவர்கள் தாங்களே செய்ய விரும்புவது மகிழ்ச்சி தருகிறது. லித்தியம் செல்லில் கூடவே கூடாது. சால்டர் இரும்பின் நுனி 350 டிகிரி அளவில் இருக்கும்; செல்லுக்குள் நேர், எதிர்த் தகடுகளைப் பிரித்துவைத்திருக்கும் பிளாஸ்டிக் படலமோ ஏறக்குறைய 130 டிகிரியிலேயே உருகத் தொடங்கும். லித்தியம் செல்லில் நிக்கல் பட்டையை ஸ்பாட் வெல்டிங் முறையில்தான் ஒட்டவேண்டும். பேட்டரி பழுதுபார்க்கும் கடைகளில் அந்த இயந்திரம் இருக்கும். செல்களை அங்கே கொண்டுபோய் ஒட்டி வாங்குங்கள். பட்டை உண்மையான நிக்கல்தானா என்று காந்தத்தை வைத்துப் பார்ப்பதில் பயனில்லை, ஏனெனில் நிக்கலும் காந்தத்தில் ஒட்டும். பட்டையை ஆணியால் கீறி, உப்புத் தண்ணீரில் ஓர் இரவு போட்டுவையுங்கள். காலையில் கீறலில் துரு தெரிந்தால் அது முலாம் பூசிய இரும்பு. படகில் அது ஒரு பருவத்துக்குக்கூட நிற்காது.

மாணவர்களுக்கு நான் சிபாரிசு செய்வது நிக்கல் மெட்டல் ஹைட்ரைடுதான், அதிலும் பட்டை ஒட்டியே விற்கப்படும் செல்கள். பட்டையில் பட்டையைச் சால்டர் செய்வதால் செல் சூடாவதில்லை. பட்டை இல்லாத செல்தான் கிடைத்தது என்றால், சிறிய 25 வாட் இரும்பை எடுக்காதீர்கள். இலேசான இரும்புதான் செல்லுக்குப் பத்திரம் என்று தோன்றும், நடப்பது நேர்மாறானது. அது செல்லின் உலோகத்தைச் சூடாக்கத் திணறி அரை நிமிடம் அங்கேயே நிற்க, அதற்குள் வெப்பம் முழுதும் உள்ளே இறங்கிவிடும். அகன்ற உளிமுனை கொண்ட 80 அல்லது 100 வாட் இரும்பு, உப்புத்தாளால் தேய்த்த பரப்பு, ஃபிளக்ஸ், முன்கூட்டியே ஈயம் பூசிய கம்பி ஆகியவை தயாராக இருந்தால் மூன்று நொடியில் வேலை முடியும். நேர்முனைக் குமிழில் வாயு வெளியேறும் துளை இருக்கும். அதன்மேல் ஈயம் போய்விடக் கூடாது.

ஓர் இடத்தை மாணவர்களுக்குக் கையில் செல்லைக் கொடுத்தே காட்டுங்கள். செல்லின் நேர்முனை என்பது நடுவிலுள்ள குமிழ் மட்டுமே. அதைச் சுற்றியுள்ள விளிம்பும், உடல் முழுவதும் எதிர்முனை. இரண்டுக்கும் நடுவே இருப்பது இரண்டு மில்லிமீட்டர் இடைவெளியும் ஒரு மெல்லிய காகித வளையமும்தான். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பேக்கின் உறையைச் சவர பிளேடால் அறுத்தபோது, பிளேடு அந்த வளையத்தைக் கிழித்துக் குமிழையும் விளிம்பையும் ஒரு கணம் இணைத்துவிட்டது. டப் என்ற சத்தம். பிளேடின் ஓரத்தில் அரிசியளவு உலோகம் காணாமல் போயிருந்தது, என் கட்டைவிரலில் கொப்புளம். அது 1.2 வோல்ட் தரும் ஒரே ஒரு நிக்கல் செல்தான். அன்றிலிருந்து உறையைக் கிழிக்கப் பிளாஸ்டிக் தகட்டைத்தான் பயன்படுத்துகிறேன். மாணவர்களிடம் மோதிரம், காப்பு, உலோகப் பட்டையுள்ள கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றிவைத்துவிட்டு உட்காரச் சொல்லுங்கள், பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். ஒவ்வொரு குமிழின்மேலும் ஒட்டும் காகித வளையத்தைக் கூடுதலாக ஒன்று வைத்த பிறகே கம்பியை இணைக்கட்டும்.

கேள்வி: 90 செ.மீ. நீளமும் 25 செ.மீ. அகலமும் உள்ள என்னுடைய சரக்குக் கப்பல் மாதிரியில் 12 வோல்ட், 7 ஆம்பியர் மணி ஈய அமில பேட்டரியை எடுத்துவிட்டு, அதே அளவுள்ள லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேக்கை வைத்தேன். கப்பல் தண்ணீரில் தக்கைபோல் மிதக்கிறது. திரும்பும்போது பயமூட்டும் அளவுக்குச் சாய்கிறது. என்ன தவறு செய்தேன்? – நாகர்கோவில் வாசகர்

பதில்: மின்சாரக் கணக்கில் ஒரு தவறும் செய்யவில்லை. நான்கு செல் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் 12.8 வோல்ட், ஈய அமிலத்துக்கு மாற்றாக அதைவிடப் பொருத்தமானது இல்லை. ஆனால் உங்கள் பழைய பேட்டரி இரண்டு வேலைகளைச் செய்துகொண்டிருந்தது. ஏறக்குறைய இரண்டரைக் கிலோ எடையோடு கப்பலின் அடியில் உட்கார்ந்து, மின்சாரமும் கொடுத்தது, கப்பலை நிமிர்த்தியும் பிடித்தது. புதிய பேக் ஒரு கிலோவுக்கும் குறைவு. ஒன்றரைக் கிலோ குறைந்தால் கப்பல் விலக்கும் தண்ணீரும் ஒன்றரை லிட்டர் குறையும். நீங்கள் குறித்திருக்கும் 90க்கு 25 செ.மீ. அளவை வைத்து, அணியமும் பின்புறமும் வளைந்து குறுகுவதையும் கழித்துப் பார்த்தால், கப்பல் எட்டு மி.மீ. மேலெழுந்திருக்கும். அந்த எட்டு மி.மீ.யில் புரொப்பல்லரின் மேல்நுனி காற்றை உறிஞ்சத் தொடங்கியிருக்கலாம். எடையின் மையமும் மேலேறிவிட்டதால் சாய்கிறது.

ஒன்றரைக் கிலோ ஈயத்தைத் திருப்பிப் போடுங்கள். வண்டிச் சக்கரங்களைச் சமன்செய்யும் (வீல் பேலன்சிங்) கடைகளில் கழித்துப்போடும் ஈயத் துண்டுகள் இதற்கு நன்றாக உதவும். ஈயம் பேட்டரியைப்போல் உயரமாக நிற்பதில்லை. ஏராவை (கப்பலின் அடித்தண்டை) ஒட்டித் தட்டையாகப் படுக்கவைக்கலாம். ஆகவே கப்பல் முன்பு இருந்ததைவிட உறுதியாக நிற்கும். காகிதத்தில் சுற்றிச் செருகிவைக்காமல் பிசின் ஊற்றி அசையாமல் நிறுத்துங்கள். பேக்கையும் பட்டையால் கட்டுங்கள். திருப்பத்தில் நகரும் எடை சாய்வை இரட்டிப்பாக்கும்.

ஈயத்தைத் திருப்பிப் போடுவதானால் பேட்டரியை மாற்றியதில் என்ன பயன் என்று கேட்பீர்கள். ஈய அமில பேட்டரியில் எழுதியுள்ள 7 ஆம்பியர் மணி, இருபது மணி நேரம் மெதுவாக வடித்தால் கிடைப்பது. 7 ஆம்பியரில் வேகமாக இழுத்தால் அதில் மூன்றில் இரண்டு பங்குகூடக் கிடைப்பது அரிது. பாஸ்பேட் பேக் ஏறக்குறைய முழுவதையும் தரும். உங்கள் கப்பல் கூடுதல் நேரம் ஓடும், அவ்வளவுதான். அரை மணி நேர ஓட்டமே போதும் என்பவர்கள், மெதுவாகப் போகும் கப்பல்களில், ஈய அமிலத்தையே வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. ஒன்று மட்டும்: அதைக் கப்பலுக்குள் வைத்தபடி சார்ஜ் செய்யாதீர்கள். சார்ஜின் முடிவில் ஹைட்ரஜன் வெளியேறும். காற்றில் அது 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு சிறு பொறியில் வெடிக்கும். தளத்தை மூடிய கப்பலுக்குள் அந்த அளவு சேர அதிக நேரம் ஆகாது.

கேள்வி: கடலோரத்தில் ஓட்டும்போது படகு கவிழ்ந்து, லித்தியம் பேக் கால் மணி நேரம் உப்புத் தண்ணீரில் கிடந்தது. காயவைத்து மீண்டும் பயன்படுத்தலாமா? – ராமேசுவரம் வாசகர்

பதில்: பயன்படுத்த வேண்டாம். குளத்து நீரைவிடக் கடல்நீர் மின்சாரத்தைப் பல மடங்கு நன்றாகக் கடத்தும். மூழ்கியிருந்த கால் மணி நேரமும் முனைகளுக்கு நடுவே மின்னோட்டம் ஓடி, உலோகத்தை அரித்திருக்கும். தண்ணீர் காய்ந்தாலும் உப்பு காயாது. பாதுகாப்புப் பலகைக்கும் செல்லுக்கும் நடுவே படிந்து, அடுத்த மழைக்கால ஈரத்தில் மீண்டும் கடத்தும். இப்படிப்பட்ட பேக்குகள் நாட்கள் கழித்தும் தீப்பிடித்திருக்கின்றன. பேக்கில் இனி சார்ஜரை மாட்டவே மாட்டாதீர்கள். கம்பி முனைகளைத் தனித்தனியே ஒட்டுப்பட்டையால் மூடி, வீட்டுக்கு வெளியே, கூரையோ வைக்கோலோ அருகில் இல்லாத இடத்தில், உலர்ந்த மணல் நிரப்பிய மண்சட்டியில் வைத்துவிடுங்கள். பேக் உப்பினாலோ சுட்டாலோ கையால் எடுக்க வேண்டாம்.

கழிப்பதற்கு வழி இருக்கிறது. 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, விற்ற பேட்டரிகளைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளர்களுடையது. ஒரு வாரம் வெளியே வைத்துப் பார்த்து, ஒன்றும் நேராவிட்டால், பதிவுபெற்ற மின்கழிவு சேகரிப்பவரிடம், கடல்நீரில் மூழ்கியது என்பதை வாயால் சொல்லியே ஒப்படையுங்கள். படகிலுள்ள மோட்டாரையும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியையும் இன்றே நல்ல தண்ணீரில் அலசி, வெயிலில் வைக்காமல் மின்விசிறியின் கீழ் இரண்டு நாள் உலர்த்தி, மோட்டாரின் இரு முனைத் தாங்கிகளிலும் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். அவை பிழைத்துக்கொள்ள நல்ல வாய்ப்பு இருக்கிறது.